நான்தான் வரலை

"எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன்மா... எழுதிக்கோ!"

கோதண்டபாணி வழக்கத்தைவிட உரக்கச் சொன்னார். வாசலில் நின்ற ஆசிரியை புவனேஸ்வரி, "சரிங்கய்யா" என்று கையிலிருந்த படிவத்தில் குறித்துக்கொண்டாள். உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. ஜெயம்மாள் அதைக் கவனிக்காமல் கதவைப் பிடித்தபடி நின்றாள். அந்த எட்டாவது பொய் என்பது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

"ஊர்ல எழுதப் படிக்கத் தெரியாதவங்க எத்தனை பேருன்னு வீடு வீடா எடுத்துக்கினு வரோம்மா," என்று புவனேஸ்வரி அவள் பக்கம் திரும்பினாள். "தினம் சாயந்திரம் அஞ்சிலேர்ந்து ஏழு மணி வரைக்கும் நம்ம ஸ்கூல்லயே சொல்லிக் குடுக்கப் போறோம். பெரியவங்க ஒரு பக்கம், ஒண்ணாவது ரெண்டாவது பசங்க ஒரு பக்கம். சொல்லிக் குடுக்கத்தான் ஆள் கெடைக்கல. நீங்க பன்னெண்டாவது பாஸ்னு சொன்னாங்க..."

"அவளுக்கு வூட்டு வேலைக்கே நேரம் பத்தலமா," என்று கோதண்டபாணி இடைமறித்தார்.

"வரேன் டீச்சர்," என்றாள் ஜெயம்மாள்.

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டாள். முப்பத்துமூன்று வருடங்களில் கணவர் வேண்டாம் என்று சொன்ன பிறகு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. புவனேஸ்வரி அடுத்த வீட்டுக்குப் போனதும் கோதண்டபாணி அவளைத் தறி இருந்த அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இன்னா நெனச்சிக்கினு இருக்கிற நீ? ஊர்ல எத்தினி பேருக்கு வேணா சொல்லிக் குடு. நாளைக்கு எவளாச்சும், 'ஊருக்குச் சொல்லித் தர்றியே, உம் புருசன் இன்னா படிச்சிருக்காரு'ன்னு கேட்டா...?"

"எட்டாவதுன்னு சொல்லப் போறேன். இத்தினி வருசமா அதைத்தானே சொல்லிக்கினு இருக்கேன்?"

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. அதைப் பார்த்ததும் ஜெயம்மாளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. "பயப்படாதீங்க... எம் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வராது," என்றாள்.

ஆறு வயதில் அவரைத் தறி ஓரத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். பார்டர் நெய்ய, நூல் வைத்த நாடாக் கட்டையை எறிந்து கொடுக்கும் வேலை. பள்ளிக்கூட மணி காதில் விழும் தூரத்தில்தான் அந்தத் தறி இருந்தது. பத்துப் பதினைந்து வருடங்களில் சின்னக் காஞ்சிபுரத்துக்கே தெரிந்த நெசவுக்காரர் ஆகிவிட்டார். கையெழுத்தை மட்டும் ஒரு சித்திரம் போலப் போட்டுப் பழகிக்கொண்டார். அதைப் பார்த்து, மகன் எப்படியோ எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டான் என்று பெற்ற அம்மாவே நம்பினார். பெண் பார்க்க வந்தபோது 'எட்டாவது பாஸ்' என்று யாரோ சொல்லிவைத்தார்கள். கல்யாணமான மூன்றாவது வாரம், சினிமா போஸ்டரில் என்ன படம் என்று அவள் விளையாட்டாகக் கேட்கப்போய், அவர் நடுத்தெருவில் கண் கலங்கி நின்றார். "யார்கிட்டயும் சொல்லிடாத ஜெயா... மானம் போயிடும்!" அன்று கொடுத்த வாக்குதான்.

அந்த வாக்கு அவளுக்கு என்ன பெயர் வாங்கித் தந்தது தெரியுமா? ராங்கிக்காரி! அவர் பேங்குக்குப் போனால் கூடவே போனாள். வெளியூர் பஸ் ஏறினால் கூடவே ஏறினாள். எந்தக் காகிதம் வந்தாலும் முதலில் அவள் கையில்தான் வாங்கினாள். 'புருசனைத் தனியா எங்கயும் வுட மாட்டா. எல்லாத்தையும் இடுப்புல முடிஞ்சிக்கினு திரியறா' என்றார்கள். மாமியார் சாகும்வரை அப்படித்தான் ஏசினார். அங்கன்வாடி வேலை தேடி வந்தபோது, தான் பகலெல்லாம் வெளியே இருந்தால் அவருக்கு யார் படித்துச் சொல்வது என்று வேண்டாம் என்றாள். 'மகாராணி வேலைக்குப் போவாளா?' என்றார்கள் அதற்கும். பெற்ற பிள்ளை வசந்தே அப்படித்தான் நினைத்தான். பாவம், அவனுக்குத்தான் எப்படித் தெரியும்!

*

மாலை வகுப்புக்குப் பதினோரு பெண்கள் வந்தார்கள். ஜெயம்மாள் தன் பேத்தி ஸ்ருதியையும் கூட்டிக்கொண்டு போவாள். ஒன்றாவது படிக்கும் ஸ்ருதி அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து கத்திக் கத்திப் படிக்கும். இந்தப் பக்கம் பெரியவர்கள் பாய் விரித்து உட்கார்ந்து, ஸ்லேட்டு மேல் குனிந்திருப்பார்கள்.

இரண்டாவது மாதத்தில் ஒருநாள், பூக்கட்டும் மரியம்மாள் தன் ஸ்லேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பத் தொடங்கினாள். அறுபத்துமூன்று வயது. எல்லோரும் பயந்துபோனார்கள்.

"இன்னாக்கா... இன்னா ஆச்சி?"

மரியம்மாள் ஸ்லேட்டைத் திருப்பிக் காட்டினாள். கோணல்மாணலாக 'ஆரோக்கியம்' என்று எழுதியிருந்தது. செத்துப்போன கணவனின் பெயர்.

"அவரு இருந்தவரைக்கும் ஒரு தபா கூட அவரு பேரை வாயால சொன்னதில்ல ஜெயா... இன்னைக்கு எழுதிட்டேன்! பாரு... அவரு பேருதானே இது?"

"ஆமாக்கா... அவரு பேருதான்," என்றாள் ஜெயம்மாள். அவளுக்கும் கண் நிறைந்தது. இதே சந்தோஷம் தன் வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லையே என்று அன்று முழுக்க மனம் அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் வாங்காதது போல எழுந்து போய்விட்டார்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை வராமலே இருந்திருக்கலாம்.

மருமகள் சந்தியாவின் அப்பா வந்திருந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ருதி படம் போட்ட கதைப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கோதண்டபாணியின் மடியில் ஏறிக்கொண்டது.

"படிச்சிச் சொல்லு தாத்தா!"

சம்பந்தி எதிரிலேயே இருந்தார். மறுக்க முடியவில்லை. படத்தைப் பார்த்துத் தாமாகவே சொல்லத் தொடங்கினார். "ஒரு ஊர்ல ஒரு முதலை இருந்துச்சாம். அது ஆத்துல..."

"முதலை இல்ல தாத்தா. உ... டு... ம்... பு. உடும்புன்னு போட்டிருக்குது!"

"சரி, உடும்பு... அது ஆத்துல இறங்கி..."

"ஆறு எங்க இருக்குது? மரம்னுதானே இருக்குது!" குழந்தை அவர் முகத்தை அண்ணாந்து பார்த்தது. அதற்கு ஏதோ பிடிபட்டுவிட்டது. "தாத்தா... உனக்குப் படிக்கத் தெரியாதா? நீயும் எங்ககூட கிளாஸுக்கு வா தாத்தா. ஆயா எல்லாருக்கும் சொல்லித் தருது!"

பளீரென்று ஓர் அறை!

குழந்தை அழக்கூட மறந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. சந்தியா பாய்ந்து வந்து வாரி எடுத்துக்கொண்டாள். "மாமா! பச்சைப் புள்ளைய இப்படி அடிக்கிறீங்களே... அது அப்படி இன்னா தப்பாச் சொல்லிடுச்சி?"

கோதண்டபாணி அடித்த கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வசந்த் எழுந்து நின்றான்.

"அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுன்னு கொழந்தைக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" அவன் பார்வை நேராக அம்மா மேல் வந்து நின்றது. "நீதானே?"

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஜெயம்மாள் கணவரைப் பார்த்தாள். அவர் தலை தரையை நோக்கித் தொங்கியிருந்தது.

"ஆமாப்பா... நான்தான் வெளையாட்டுக்குச் சொன்னேன்," என்றாள்.

"வெளையாட்டா? சம்பந்தி வூட்டுக்காரங்க எதிர்ல புருசனைக் கேவலப்படுத்துறது உனக்கு வெளையாட்டா? இத்தினி வருசமா அவரை ஒரு அடி தனியா நடக்க வுட்டதில்ல நீ. இப்ப ஊருக்கே டீச்சர் ஆயிட்டன்னு திமிரு!" வசந்தின் குரல் உடைந்தது. கோபத்தில் வரக்கூடாத வார்த்தையும் வந்துவிட்டது. "பெத்த அப்பா சாவக் கெடக்கிறாருன்னு கடுதாசி வந்தும் போகாதவதானே நீ! உங்கிட்ட வேற இன்னாத்த எதிர்பார்க்க முடியும்?"

ஜெயம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே மெல்ல உள்ளே போய்விட்டாள்.

*

இரண்டாயிரத்து இரண்டு, ஆடி மாதம். அவள் பிறந்த வீடு வாலாஜாபாத். அப்பா அங்கே அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். கைநாட்டு. ஆனால் மகளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தார். தினமும் காலையில் டீக்கடைப் பேப்பரை இரவல் வாங்கிவந்து, "படி கண்ணு" என்று எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேட்பார்.

அந்த அப்பா படுத்துவிட்டார். அண்ணன் வீரபத்திரன், 'அப்பா உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார், உடனே வா' என்று எழுதிக் காஞ்சிபுரம் போகிற ஒருவரிடம் கொடுத்தனுப்பினான். அவர் அதைத் தறிக்கொட்டகையில் கோதண்டபாணியிடம் கொடுத்துவிட்டுப் போனார். சுற்றிலும் கூட வேலை செய்கிறவர்கள். யாரிடமாவது படிக்கக் கொடுத்தால் தன் குட்டு வெளிப்பட்டுவிடுமே! ஆடி மாதம்தானே, அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள், திருவிழாவுக்கு அழைத்திருப்பார்கள் என்று அவராகவே நினைத்துச் சட்டைப் பையில் வைத்தார். முகூர்த்தப் புடவை அவசரம். மறந்தே போனார்.

நான்காம் நாள் ஆள் வந்தது, சாவுச் சேதியோடு.

அடித்துப் பிடித்து ஓடியவளை அண்ணன் பந்தல் வாசலிலேயே மறித்தான். உறவு அத்தனையும் அங்கே நின்றது. "நாலு நாளா வாசலையே பார்த்துக்கினு கெடந்தாரு. கடுதாசி உனக்கு வந்துச்சா, வரலையா? அதை மட்டும் சொல்லு!"

எந்தக் கடுதாசி? அவளுக்குப் புரியவில்லை. திரும்பிக் கணவரைப் பார்த்தாள். அவர் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வரவில்லை என்றால் கொடுத்தவரைக் கூப்பிடுவார்கள். அவர் இவரைக் கை காட்டுவார். ஏன் கொடுக்கவில்லை என்று கேட்பார்கள். அத்தனை பேர் நடுவில்...

"வந்துச்சுண்ணா," என்றாள் ஜெயம்மாள். "நான்தான் வரலை."

அண்ணன் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தேவலை. "பார்த்துட்டுப் போயிடு. அழாத. உயிரோட இருந்தப்ப வராதவளுக்கு அழுகை எதுக்கு? இதோட இந்த வாசப்படிய மிதிக்காத," என்றான். அப்பாவின் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சொட்டுக் கண்ணீர் விடாமல் வெளியே வந்தாள். நான்கு வருடம் கழித்து அம்மா போனபோது யாரும் சொல்லி அனுப்பவில்லை. காதில் விழுந்து தானாக ஓடினாள். தெருமுனை டீக்கடை ஓரம் நின்று, பாடை கடந்து போவதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

*

மறுநாள் காலை ஜெயம்மாள் வருகைப் பதிவேட்டைப் புவனேஸ்வரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "முடியல டீச்சர். வூட்ல வேலை," என்றாள். அதற்கு மேல் கேட்க அந்தப் பெண்ணுக்கு மனம் வரவில்லை.

மாலை ஐந்தரை மணி இருக்கும். மரியம்மாள் மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"ஜெயா... ஏ ஜெயா! உன் வூட்டுக்காரரு ஸ்கூல்ல வந்து குந்திக்கினு இருக்காரு. எழுந்துக்க மாட்டேன்றாரு. நீ வா சீக்கிரம்!"

ஜெயம்மாள் பதறிக்கொண்டு ஓடினாள். அன்று விடுப்பில் இருந்த வசந்தும் பின்னாலேயே வந்தான்.

பெண்கள் எல்லோரும் எழுந்து ஓரமாக நின்றிருந்தார்கள். நடுப்பாயில் கோதண்டபாணி தனியாக உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, சட்டை, முழங்காலில் ஒரு ஸ்லேட்டு. மனைவியைப் பார்த்ததும் கும்பிடுவது போலக் கை எழுந்தது. பிறகு புவனேஸ்வரியிடம் திரும்பினார்.

"அன்னைக்கு எட்டாவதுன்னு எழுதிக்கினியேம்மா... அதை அடிச்சிடு. நான் பள்ளிக்கூட வாசலையே மிதிச்சதில்ல. ஒரு எழுத்து கூடத் தெரியாது எனக்கு."

வசந்த் ஓரடி முன்னால் வந்தான். "அப்பா... நீ இன்னா சொல்ற?"

"கொழந்தை சொன்னது நெசம்டா. உங்கம்மா அதுக்குச் சொல்லிக் குடுக்கல. அவ யார்கிட்டயும் சொன்னதில்ல... எங்கம்மா அவளை அந்த ஏச்சு ஏசினப்பவும் சொன்னதில்ல." அவர் நெஞ்சில் ஓங்கி அடித்துக்கொண்டார். "அந்தக் கடுதாசி எங்கிட்டதான்டா வந்துச்சி! படிக்கத் தெரியாம பையில வெச்சிக்கினு இருந்தேன் நான். பழியை அவ ஏத்துக்கினா. அன்னைக்கும் வாயைத் தொறக்கல நான்... நேத்து நீ அந்த வார்த்தை கேட்டப்பவும் தொறக்கல. நான் மனுசனாடா?"

"அம்மா..." வசந்த் அங்கேயே தரையில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டான். "என்னை அடிம்மா... நாலு அடி அடி! இப்படிப் பேசாம நிக்காத!"

ஜெயம்மாள் அவனைத் தூக்கி நிறுத்தினாள். முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள். "உனக்குத் தெரியாதுப்பா... தெரியாமத்தானே பேசின," என்றாள். நேரே போய்க் கணவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். பலப்பத்தை எடுத்து அவர் விரல்களுக்குள் வைத்து, மேலே தன் கையை வைத்து அழுத்தினாள். முடி போன்ற பட்டு இழையை அறாமல் முடிகிற அந்த விரல்களுக்கு எழுத்து வசப்படவில்லை. முதல் 'அ'விலேயே பலப்பம் இரண்டாக உடைந்தது.

*

அதற்குப் பிறகு அவர் ஒருநாளும் வகுப்புக்கு வராமல் இருந்ததில்லை. ஸ்ருதி முதலில் அவர் பக்கமே வரவில்லை. "தாத்தாவை மன்னிச்சிடு கண்ணு" என்று அவர் குழந்தையின் கையை எடுத்துத் தம் கன்னத்தில் அறைந்துகொண்ட பிறகுதான் மடியில் ஏறிற்று. கார்த்திகையில் பஸ் போர்டு படித்தார். மார்கழியில் பேப்பரில் பெரிய எழுத்துகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அறையைச் சாத்திக்கொண்டு ஏதோ எழுதினார். வெளியே வந்து, "கெளம்பு ஜெயா... வாலாஜாபாத் போகலாம்," என்றார்.

"வேணாங்க... அண்ணன் முகத்துல முழிக்க எனக்குத் தெம்பு இல்ல."

"எனக்கும்தான் இல்ல. வா."

வீரபத்திரனுக்கு வயது அறுபத்தைந்துக்கு மேல். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர், வந்தவர்களை அடையாளம் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஜெயம்மாள் படியேறவில்லை. தெருவிலேயே நின்றுவிட்டாள். கோதண்டபாணி படிக்கட்டின் கீழே நின்று நான்காக மடித்த தாளைப் பிரித்தார்.

"மச்சான்... அவர்களுக்கு... கோதண்ட... பாணி... எழுதுவது..."

எழுத்து எழுத்தாகத் தடவித் தடவிப் படித்தார். நடுவில் ஒரு சொல்லில் தடுக்கி நின்றார். ஜெயம்மாள் உதவிக்கு வாயெடுத்தாள். வேண்டாம் என்று கை காட்டிவிட்டு மறுபடி கூட்டினார்.

"எனக்கு அப்போது... படிக்கத் தெரியாது. நீங்கள்... அனுப்பின கடுதாசியை... ஜெயாவிடம்... கொடுக்கவில்லை. அவள் அதை... பார்க்கவே இல்லை. அன்று அவள் சொன்னது... பொய். என் மானத்துக்காகச்... சொன்ன பொய்."

படித்து முடித்து, அந்தத் தாளை வீரபத்திரனின் மடியில் வைத்தார்.

வீரபத்திரன் தாளைக் கையில் எடுத்தார். கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். அந்தக் கோணல் எழுத்துகளையே பார்த்தார். பிறகு நாற்காலியைப் பிடித்து எழுந்து, ஒவ்வொரு படியாக இறங்கித் தெருவுக்கு வந்தார்.

"ஏன்டி சொல்லல? அன்னைக்கே ஏன்டி சொல்லல?"

ஜெயம்மாள் தலை குனிந்து நின்றாள்.

"அப்பா இன்னா சொன்னாருன்னு தெரியுமா உனக்கு?" அவர் அவள் தோளைப் பிடித்து நிமிர்த்தினார். "மூணாம் நாளு நான் உன்னைத் திட்டிக்கினு இருந்தேன். அப்பதான் கையைப் புடிச்சி நிறுத்தினாரு. 'எம் பொண்ணைத் திட்டாதடா. அந்தக் கடுதாசி அவ கண்ணுல படல. அவ படிச்சிருந்தா இந்நேரம் ஓடி வந்திருப்பா'ன்னாரு. அதான் அவரு கடைசியாப் பேசினது. நீ வந்ததும் அதனாலதான் கேட்டேன்! வரலைன்னு ஒரு வார்த்தை நீ சொல்லியிருந்தா, அப்பா சொன்னது சரிதான்னு உன்னைக் கட்டிக்கினு அழுதிருப்பேன். நீ வந்துச்சுன்னு சொன்ன. அப்பா ஏமாந்து செத்துட்டாரேன்னு எனக்கு ஆத்திரம்..."

"அப்பா... என்னைத் தப்பா நெனைக்கலையாண்ணா?"

"இல்லம்மா... கடைசி மூச்சு வரைக்கும் நெனைக்கல!"

அவ்வளவுதான். அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கிளம்பிற்று. "அய்யோ... எங்கப்பா!" என்று நடுத்தெருவில் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக அழக்கூடாது என்று விழுங்கி வைத்திருந்த அழுகை அது. வீரபத்திரனும் அவள் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்து, அவளைத் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். கோதண்டபாணி படிக்கட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள்.

"இன்னாங்க... இன்னா ஆச்சி? யாரு செத்துட்டாங்க?"

வீரபத்திரன் தங்கையின் தலையைத் தடவியபடி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கப்பா," என்றார். "எந்தங்கச்சி இப்பதான் வந்திருக்கா... அழட்டும், வுடுங்க."